பாசி வைத்திருக்கும் கணக்கு

வரலாற்றைப் பாடமாக எடுத்த எல்லாருக்கும் முதலாம் வருசத்திலேயே ஒரு பட்டியல் பாடமாகியிருக்கும். கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம், வெளிநாட்டார் குறிப்பு, தொல்லியல் எச்சம். பூநகரியில் பிறந்த ஆளுக்கு அதில் கடைசியாக வருவது புதுசில்லை. பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் 1993இல் எழுதிய 'பூநகரி தொல்பொருளாய்வு' எங்கட மண்ணுக்குள்ள பெருங்கற்காலப் பண்பாட்டுச் சின்னங்கள் கிடக்கு எண்டு காட்டின புத்தகம். கோட்டையைப் பார்க்க வாற ஆக்களுக்குப் போர்த்துக்கேயர் கட்டினது, ஒல்லாந்தர் பெருப்பிச்சது எண்டு சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆனால் ஒரு கேள்விக்கு இந்தப் பட்டியலில் உள்ள எதுவும் பதில் சொல்லாது. ஒரு ஊரில், ஒரு காலத்தில், சனம் மூச்சில் இழுத்த காற்றில் என்ன கலந்திருந்தது?

காற்றை யாரும் கல்லில் வெட்டி வைப்பதில்லை. அரசாங்கங்கள் கருவி வைத்து அளக்கத் தொடங்கியதே மிகப் பிந்தித்தான். அதுவும் தலைநகரங்களில். வன்னியில் அப்படியொரு கருவியைச் சின்ன வயதில் நான் கண்டதில்லை. ஆனால் யாரும் கேட்காமலே கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒரு சாட்சி இருக்கு. மாரி தொடங்கினால் கிணற்றுக்கட்டில் பச்சையாய்ப் படரும், வழுக்கி விழுந்திடுவம் எண்டு அம்மாமார் தும்புக்கட்டையால் உரஞ்சிக் கழுவி விடுவினமே, அந்தப் பாசி.

பாசி என்ற சொல்லையே முதலில் கொஞ்சம் பிரிக்க வேணும். குளத்தில் மிதக்கிறதும் எங்களுக்குப் பாசி, கடலில் கிடக்கிறதும் பாசி, கழுத்தில் போடுற மணியும் பாசி. பள்ளிக்கூடத்தில் அல்காவைத் தனியாகவும் பிரயோபீற்றாவைத் தனியாகவும் படித்தாலும் வீட்டுக்கு வந்தால் எல்லாம் ஒண்டுதான். நான் இங்கே சொல்வது நிலத்தில் வளரும் பாசியை. பூக்காது, காய்க்காது, சுவரிலும் கல்லிலும் மரப்பட்டையிலும் வெல்வெற்றுத் துணிபோல ஒட்டியிருக்கும் சின்னத் தாவரம்.

இதுக்கு உண்மையான வேர் இல்லை. பிடித்துக்கொண்டு நிற்க மயிர்போல ஏதோ இருக்கும், அவ்வளவுதான். நெல்லுக்கு வேண்டியது மண்ணிலிருந்து வருகிறது. பாசிக்கு வேண்டியது பெரும்பாலும் மழையோடும் பனியோடும் தூசியோடும் மேலிருந்து வருகிறது. இலை பெரும்பாலும் ஒரு கலத் தடிப்புத்தான். மாவிலையில் இருக்கிற மெழுகுப் பூச்சு அதில் இல்லை, ஆகவே மேலே விழுகிறது தடையில்லாமல் உள்ளே போகும். கலச்சுவரில் மறை ஏற்றம் உள்ள இடங்கள் நிறைய இருக்கு. ஈயம், செப்பு, கட்மியம் மாதிரியான உலோக அயன்கள் நேர் ஏற்றம் உள்ளவை. வந்து ஒட்டிக்கொண்டால் லேசில் விடாது. நல்லதை மட்டும் தெரிந்து எடுக்கத் தெரியாத இந்தப் பலவீனம்தான் ஆய்வாளருக்கு வாய்ப்பாகியது.

காற்றையும் இந்த வகைச் சின்ன உயிர்களையும் முதலில் சேர்த்துப் பார்த்தவர்களில் ஒருவர் வில்லியம் நைலாண்டர். பின்லாந்துக்காரர், பாரிசில் இருந்தவர். நகரத்தின் மற்ற இடங்களில் மரப்பட்டையில் இலைக்கன்கள் அருகிப்போக, லக்சம்பேர்க் பூங்காவில் மட்டும் அவை செழிப்பாக இருப்பதை 1866இல் எழுதினார். காற்று நல்லாக இருக்கிற இடத்தில் இலைக்கன் இருக்கும், கெட்டால் போய்விடும் என்பது அவரின் கருத்து. இது இருக்கா இல்லையா எண்டு பார்க்கிற முறை. எவ்வளவு, எப்போது என்று கேட்க இன்னும் நூறு வருசம் போனது.

அந்த இடம் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகம். ஓக்கே ரூலிங், கெர்முண்ட் டீலர் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் 1968இல் ஈயத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். காட்டு நிலத்தில் மெத்தைபோல வளரும் பாசிகளைச் சேகரித்து, காயவைத்து, அதில் எவ்வளவு ஈயம் இருக்கு எண்டு அளந்தார்கள். பெருந்தெருவுக்குக் கிட்ட எடுத்ததில் கூட இருந்தது, தள்ளிப் போகப் போகக் குறைந்தது. காரணம் ஒளித்திருக்கவில்லை. அந்தக் காலத்துப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. இயந்திரம் 'டக் டக்' எண்டு அடிக்காமல் ஓட டெட்ரா எதைல் ஈயத்தைக் கலக்கலாம் என்று அமெரிக்காவில் தோமஸ் மிட்ஜ்லி 1921இல் கண்டுபிடித்த பிறகு உலகம் முழுக்க அதைத்தான் எரித்தது.

இதுவரை தாவரவியல். அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னைப் பிடித்துவைத்த விசயம். பல்கலைக்கழகத்தில் பழைய தாவர மாதிரிகளைக் காகிதத்தில் ஒட்டி அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு தாளிலும் எடுத்த இடமும் திகதியும் இருக்கும். 1860 தொடக்கம் தென் சுவீடனில் சேகரித்த பாசிகள் அதில் இருந்தன. எடுத்தவர்கள் எல்லாரும் செத்துப் போயிருப்பார்கள். அவர்களுக்குத் தேவையாக இருந்தது பாசியின் பெயர் மட்டும்தான், ஈயத்தைப் பற்றி ஒருவரும் நினைத்திருக்க மாட்டார்கள். ரூலிங்கும் டீலரும் அந்தத் தாள்களிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்து அளந்தார்கள்.

1860களின் பாசியில் ஈயம் பத்து இலட்சத்துக்கு 20 பங்கு அளவில் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிறது. அதுக்குப் பிறகு அரை நூற்றாண்டு பெரிய மாற்றம் இல்லை. பிறகு திரும்பவும் ஏறி, 1968இல் 80, 90 என்ற அளவுக்கு வந்து நிற்கிறது. ஏற்றம் இரண்டு படியாக நடந்திருக்கு. முதல் படி நிலக்கரியும் தொழிற்சாலையும் வந்த காலம். இரண்டாவது படி காரும் ஈயப் பெற்றோலும் பெருகின காலம். ஐரோப்பியக் கைத்தொழில் வரலாற்றை நாங்கள் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு, தொழிலாளர் எண்ணிக்கை என்று படிக்கிறோம். அதே வரலாறு ஒரு பாசித்தாளில் இரண்டு படிக்கட்டாகக் கிடக்குது.

ஆதாரம் எண்டால் ஆதாரத் திறனாய்வும் வேணும். வரலாறு படிக்கிற ஆள் இதைக் கேட்காமல் விடேலாது. பழைய மாதிரிகள் பூச்சி அரிக்காமல் இருக்க இரசக் குளோரைட்டு பூசுவது அந்தக் கால வழக்கம். ஆகவே பழைய அலுமாரிப் பாசியில் இரசத்தை அளந்துவிட்டு 'அந்தக் காலத்துக் காற்றில் இரசம் நிறைய' எண்டு சொன்னால் அது பூச்சி மருந்தின் வரலாறாகத்தான் முடியும். ஏட்டைப் படியெடுத்தவர் இடையில் தன்னுடைய வரியைச் செருகின மாதிரி. எந்த உலோகத்துக்கு இந்தச் சாட்சியை நம்பலாம், எதுக்கு நம்பேலாது என்று பிரிக்கத் தெரிய வேணும்.

அவர்கள் அதிகம் கையாண்ட பாசிகளில் ஒன்று ஹைலோகோமியம் ஸ்பிளென்டென்ஸ். ஒவ்வொரு வருசமும் பழைய தண்டின் முதுகிலிருந்து ஒரு புதுப் படி எழும்பும். படியை எண்ணினால் வயது. இப்போது ஐரோப்பாவில் மாதிரி எடுக்கிறவர்கள் கடைசி மூன்று வருச வளர்ச்சியை மட்டும் வெட்டி எடுக்கிறார்கள். கருவி வாங்காமல், மின்சாரம் இல்லாமல், காவலுக்கு ஆள் போடாமல் மூன்று வருசச் சேமிப்பு கையில் கிடைக்குது.

நோர்வேக்காரருக்கு இந்த முறை வேறொரு உண்மையைக் காட்டியது. எய்லிவ் ஸ்டைன்னெஸ் என்ற வேதியியலாளர் 1977இல் நாடு முழுக்கப் பாசி எடுத்து வரைபடம் போட்டார். ஈயம் நாட்டின் தெற்கில் கூட, வடக்கே போகப் போகக் குறைவு. தெற்கு நோர்வேயின் காட்டுக்குள்ளே என்ன பெரிய தொழிற்சாலை? கடலுக்கு அப்பால் உள்ள ஐரோப்பிய நாடுகளின் புகைதான் காற்றோடு வந்து இறங்கியிருந்தது. நாடுகளின் எல்லை தாண்டிப் போகும் வளிமாசு பற்றி ஜெனீவாவில் 1979இல் ஒரு சமவாயம் கையெழுத்தானது. பிற்காலத்தில் அந்தச் சமவாயத்தின் கீழேதான் ஐரோப்பா முழுக்கப் பாசி எடுப்பது ஐந்து வருசத்துக்கு ஒருக்கா நடக்கிற வழமையாகியது. 1990க்கும் 2010க்கும் இடையில் ஐரோப்பியப் பாசியில் ஈயம் சராசரியாக 77 வீதம் குறைந்தது, கட்மியம் 51 வீதம். சட்டம் போட்டது வேலை செய்ததா எண்டு பாசியைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். செப்பு 11 வீதம்தான் குறைந்தது. வாகனப் பிறேக் தேய்வதாலும் செப்புத்தூள் பறக்கும், பெற்றோலை மாற்றி அதை நிப்பாட்டேலாது.

எல்லை தாண்டும் காற்று எண்டவுடன் எங்களுக்கும் ஒரு நாள் ஞாபகம் வரும். 2022 டிசெம்பர் தொடக்கத்தில், மண்டோஸ் புயல் வந்த கிழமை, யாழ்ப்பாணமும் கொழும்பும் சாம்பல் நிறமாகக் கிடந்தது. இந்தியப் பக்கமிருந்து வந்த மாசும் காரணம் எண்டு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொன்னது. 9ஆந் திகதி பள்ளிக்கூடங்களை மூடினார்கள். இரண்டு நாளில் எல்லாரும் மறந்தாச்சு. வாடைக்காற்று ஒவ்வொரு வருசமும்தான் வீசுது. கண்ணுக்குத் தெரியாத வருசங்களில் அது என்ன கொண்டுவந்தது என்று எங்களிடம் கணக்கில்லை.

பாசியால் எல்லாம் ஏலும் எண்டும் நினைக்கக் கூடாது. ஒரு மனுசன் நாளுக்கு எவ்வளவு ஈயத்தைச் சுவாசிக்கிறான் என்று பாசி சொல்லாது. மேலிருந்து எவ்வளவு வந்து விழுந்தது, எந்த இடத்தில் கூட, எந்த இடத்தில் குறைய எண்டுதான் சொல்லும். அதுவே சில நேரம் போதும். அமெரிக்காவின் போட்லண்ட் நகரத்தில் வனத்துறை ஆய்வாளர்கள் சேரா ஜோவனும் ஜெஃப்ரி டொனவனும் 2013 கடைசியில் தெரு மரங்களில் 346 இடங்களில் பாசி சுரண்டி எடுத்தார்கள். கட்மியம் இரண்டு இடங்களில் குவிந்து கிடந்தது. போய்ப் பார்த்தால் இரண்டு இடத்துக்குக் கிட்டவும் நிறக் கண்ணாடி செய்கிற தொழிற்சாலை. கண்ணாடிக்குச் சிவப்பும் மஞ்சளும் வரக் கட்மியம் சேர்ப்பார்கள். அதன் பிறகுதான் அதிகாரிகள் கருவியைக் கொண்டுபோய் அந்த இடத்தில் வைத்தார்கள். 2016இல் செய்தி வெளிவந்தபோது நகரமே கொதித்தது. கருவி எங்கே வைக்க வேணும் எண்டு கருவிக்குத் தெரியாது. பாசி எல்லா மரத்திலும் இருந்தது.

தமிழ் நிலத்தில் இதுக்கு ஒரு கதை இருக்கு. கொடைக்கானல்.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இருந்த வெப்பமானித் தொழிற்சாலை அங்கே மூடப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் அப்படியே கொடைக்கானலுக்கு வந்து இறங்கியது. பொண்ட்ஸ் கம்பனியின் தொழிற்சாலை. பின்னர் அந்தக் கம்பனியை யுனிலீவர் வாங்க, தொழிற்சாலை ஹிந்துஸ்தான் லீவரின் கைக்கு வந்தது. இரசத்தை வெளியிலிருந்து கொண்டுவந்து, குளிர்மலையில் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, வெப்பமானியைத் திரும்ப வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். உலகத்தின் காய்ச்சலை அளக்கிற கருவி. செய்த கைகள் அந்த மலைச் சனத்தின் கைகள். கையுறையும் முகமூடியும் ஒழுங்காகத் தந்ததில்லை எண்டு தொழிலாளர் பிறகு சொன்னார்கள்.

2001 மார்ச்சில் ஊர்ச்சனமும் கிரீன்பீஸ் அமைப்பும் சேர்ந்து, மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்த உடைந்த வெப்பமானிக் கண்ணாடியைக் காட்டினார்கள். 7.4 தொன். எல்லாவற்றிலும் இரசம். தொழிற்சாலை அந்த மாதமே நிறுத்தப்பட்டது. 2003இல் கிட்டத்தட்ட 290 தொன் இரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்குத் திரும்பிப் போனது. வந்த நாட்டுக்கே கழிவு திரும்பிப் போனது எண்டது அபூர்வமான சம்பவம். பொதுவாக அது மற்றப் பக்கம்தான் ஓடும்.

கழிவைக் கண்ணால் பார்க்கலாம், நிறுக்கலாம். ஆனால் இரசம் ஆவியாகிற சாமான். பதினெட்டு வருசம் அந்தக் கட்டடத்திலிருந்து காற்றோடு போனது எவ்வளவு, எங்கே போனது? அதுக்கு ரசீது இல்லை. இங்கேதான் பாசி வருகிறது. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஹைதராபாத் ஆய்வுகூடத்தைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானல் மரங்களிலிருந்து இலைக்கனும் பாசியும் எடுத்து இரசத்தை அளந்தார்கள். தொழிற்சாலைப் பக்கத்து மாதிரிகளில், தொலைவில் பெரிஜம் ஏரிப் பக்கம் எடுத்தவற்றை விடப் பல மடங்கு இரசம். 2003இல் அந்த ஆய்வு வெளிவந்தது. குப்பையில் மட்டும் இல்லை, புகைபோல மலையின் காற்றிலும் இரசம் கலந்து போயிருக்கு எண்டு சோலைக்காட்டு மரங்கள் சாட்சி சொன்னதாகத்தான் நான் அதை வாசிக்கிறேன். தொழிலாளர் 591 பேருக்குக் கம்பனியுடன் உடன்பாடு வந்தது 2016இல். அதுக்கு முதல் வருசம் சோஃபியா அஷ்ரஃபின் ராப் பாட்டு வந்து உலகம் பார்த்தது, உங்களில் கனபேர் அதைப் பகிர்ந்திருப்பீங்கள். பாசி ஆய்வு அந்தப் பாட்டுக்குப் பன்னிரண்டு வருசம் முந்தி வந்தது. அதை ஆரும் பகிரவில்லை.

கொடைக்கானலில் வாய்ப்பாக இருந்தது ஒண்டு. மலை, மூடுபனி, வருசம் முழுக்க ஈரம், மரம் எல்லாம் பாசி. பூநகரியில் என்ன இருக்கு? மணல், உவர், பனை, பாலை, வெயில். மொட்டைக்கறுப்பன் நெல்லே வானத்தைப் பார்த்துத்தான் விளையுது. பாசி மாரி மூன்று மாதம் தலையைக் காட்டிப்போட்டுப் பிறகு கறுத்துச் சுருண்டு கிடக்கும். சாகாது, அடுத்த மழைக்குத் திரும்பப் பச்சை பிடிக்கும்.

இலங்கைப் பாசிகளுக்கும் பழைய அலுமாரி இருக்கு. பேராதனைப் பூங்காவைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடத்திய துவெய்ற்ஸ் சேகரித்து அனுப்பிய பாசிகளை வில்லியம் மிற்றன் என்ற ஆங்கிலேயர் 1873இல் விவரித்து எழுதினார். கோப்பித் தோட்டக் காலத்து மலைநாட்டுக் காற்று அந்தத் தாள்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். யாராவது ஒரு துளி கிள்ளி அளந்தால் லுண்ட்காரர் போட்ட மாதிரிப் படிக்கட்டு ஒன்று எங்கட நாட்டுக்கும் வரும். ஆனால் பாசி தேடுகிறவன் மழை பெய்கிற மலைக்குத்தான் போவான். வரண்ட வன்னிக்கு அந்தச் சேகரிப்பில் இடம் குறைவு. அரச ஆவணத்திலும் நாங்கள் ஓரமாகத்தான் வருவம், தாவர ஆவணத்திலும் அப்படித்தான்.

அது ஏன் முக்கியம் எண்டு கேட்டால், எங்கட காற்றின் வரலாறு மற்ற இடங்களின் வரலாறு மாதிரி இல்லை. இலங்கையில் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்டது 2002 நடுப்பகுதியில். அதுவரை கொழும்புத் தெருக்களில் வாகனம் பெருகிக்கொண்டே போனது. நாள் முழுக்கச் சந்தியில் நிற்கிற போக்குவரத்துப் பொலிசாரின் இரத்தத்தில் ஈயத்தை அளந்து பார்த்த ஆய்வு கூட இருக்கு. ஆனால் 1990இலிருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் வராது, பெற்றறி வராது. மோட்டார் சைக்கிளைக் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடின கதை எல்லா வீட்டிலும் இருக்கு. மண்ணெண்ணெய்க்கு ஈயம் கலப்பதில்லை. 2002 தொடக்கத்தில் தடை எடுபட்டது, சித்திரையில் ஏ9 பாதை திறந்தது. அந்த வருச நடுவில் நாட்டிலேயே ஈயப் பெற்றோல் இல்லாமல் போனது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கொழும்பில் ஒரு பிள்ளை ஈயத்தைச் சுவாசித்த பன்னிரண்டு வருசம் வன்னிப் பிள்ளை மண்ணெண்ணெய்ப் புகையில் கண் எரிந்துகொண்டு இருந்திருக்கு. 90களின் பாசித்தாள் ஒன்று இங்கே கிடைத்தால் பெற்றோல் ஈயத்தின் படி அதில் மொட்டையாக இருக்கும் எண்டு நான் நினைக்கிறேன். இது என்ர ஊகம். சோதிக்கத்தான் தாள் இல்லை.

ஆனால் ஈயம் பெற்றோலில் மட்டும் வரவில்லை. துப்பாக்கி ரவையின் தலை ஈயம். ரவையைப் பற்றவைக்கிற மருந்தில் ஈயமும் பேரியமும் அந்திமனியும் இருக்கும், ஒவ்வொரு வெடியோடும் நுண்தூளாகப் பறக்கும். கோது பித்தளை, அதாவது செப்பும் நாகமும். வெடிக்கிற ஷெல் இரும்பைப் பொடியாக்கும். எரிகிற வாகனம், எரிகிற எண்ணெய்த் தாங்கி, எரிகிற வீடு எல்லாவற்றிலும் உலோகம் இருக்கு. பூநகரி 1993 கார்த்திகையிலும் 2008 கார்த்திகையிலும் பெரிய சண்டை கண்ட இடம். கடைசிப் போரில் வன்னி முழுக்க மாதக்கணக்காக எரிந்தது. எத்தனை பேர் எண்டே இன்னும் கணக்கு முடியாத இடத்தில் காற்றை எண்ணச் சொல்றது சிலருக்குக் கோபத்தைத் தரலாம். எனக்கு அது வேறு கணக்காகத் தெரியேல்ல. செத்தவர்களைப் பற்றிய கேள்வி ஒண்டு. மிஞ்சினவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்பது அதோடு ஒட்டின மற்றக் கேள்வி.

வேறு போர்க்களங்களில் இதைக் கேட்டிருக்கிறார்கள். முன்னாள் யூகோஸ்லாவியாவில் நேட்டோ விமானங்கள் யுரேனியம் சேர்ந்த ரவைகளை அடித்தன. ஐக்கிய நாடுகளின் சூழல் திட்டம் 2001இல் சேர்பியாவுக்கும் மொண்டெனேக்ரோவுக்கும், 2002இல் பொஸ்னியாவுக்கும் ஆய்வுக் குழு அனுப்பியது. மண், தண்ணீர் எடுத்ததோடு மரங்களிலிருந்து இலைக்கனும் பாசியும் பட்டையும் சுரண்டி எடுத்தார்கள். அடித்த அன்றைக்குக் காற்றில் தூள் பறந்ததா என்ற கேள்விக்கு, வருசங்கள் கழித்தும் பதில் வைத்திருக்கக் கூடியவை அவைதான் என்பதால். வன்னியில் யுரேனியம் இருந்தது எண்டு நான் சொல்ல வரவில்லை. போர் முடிந்த பிறகும் மரத்தில் போய்ச் சாட்சி எடுக்கலாம் என்ற முறையைத்தான் சொல்கிறேன். எங்கட பக்கம் போர் முடிந்த உடனே எடுத்திருக்க வேணும். பாசி விழுந்ததை நெடுநாள் பிடித்து வைத்தாலும் தானே வளர்ந்து, மக்கி, புதுசாகிக்கொண்டிருக்கும். மீள்குடியேற வந்த சனம் அப்ப தறப்பாளும் தண்ணீரும்தான் தேடினது.

போனதுக்கு இனிப் பாசி கிடைக்காது. இனி வாறதுக்குக் கிடைக்கும். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு ஏ32 பாதையால் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் ஓடுற வாகனம் எங்கட ஊருக்குள்ளால்தான் போகுது. முந்திப் படகுக்குக் காத்திருந்த துறை, இப்ப லொறி இரைச்சல். பூநகரியின் பொன்னாவெளியில் சீமெந்துக்குச் சுண்ணக்கல் அகழுற திட்டத்தை எதிர்த்து 2023, 2024இல் சனம் நெடுநாள் போராடினது. அவர்களின் பயம் முக்கியமாகத் தண்ணீரைப் பற்றியது, அகழ்ந்தால் கடல் உள்ளே வரும் எண்டு. அது சரியான பயம். நான் கூடச் சேர்ப்பது தூசியை. இந்தத் திட்டமோ வேறொன்றோ நாளைக்கு வந்து, பத்து வருசம் கழித்து ஒரு தாய் தன்ர பிள்ளைக்கு இழுப்பு எண்டு முறையிட்டால், முதல் வாற கேள்வி என்னவாக இருக்கும்? முந்தி எப்படி இருந்தது, ஆதாரம் இருக்கா?

சுன்னாகத்தில் அந்தக் கேள்வி வந்தது. கிணறுகளில் எண்ணெய் மிதந்தபோது, இது இப்போதைய மின்நிலையத்தின் எண்ணெயா, பழைய நிலையத்தினதா, போர்க்காலத்தில் உடைந்த தாங்கியினதா எண்டு இழுபட்டது. உயர் நீதிமன்றம் 2019 சித்திரையில் கம்பனி 2 கோடி ரூபா கட்ட வேணும் எண்டு தீர்ப்புச் சொன்னது. கிணற்று எண்ணெய் கண்ணுக்குத் தெரியும், மணக்கும். அதுக்கே இவ்வளவு இழுபறி. காற்றில் போகும் கட்மியம் மணக்காது.

முன்பு எப்படி இருந்தது என்ற அந்த முதல் தாளை இப்பவே எழுதலாம். ஐரோப்பியர் கைநூலில் உள்ள விதிகள் எங்களாலும் செய்யக் கூடியவை. பெருந்தெருவிலும் தொழிற்சாலையிலும் இருந்து குறைந்தது 300 மீற்றர் தள்ளி, சின்னத் தெருவிலும் வீட்டிலும் இருந்து 100 மீற்றர் தள்ளி எடுக்க வேணும். மர இலை சொட்டுற இடத்தில் எடுக்கக் கூடாது. 50 மீற்றருக்கு 50 மீற்றர் பரப்பில் ஐந்து முதல் பத்து இடத்தில் எடுத்து ஒன்றாகச் சேர்க்க வேணும். கையுறை போட வேணும். எடுக்கும்போது சிகரெட் பிடிக்கக் கூடாது, அதிலும் கட்மியம் இருக்கு. எங்கள் கூட்டத்தில் சில பேருக்கு இந்தக் கடைசி விதிதான் கஸ்ரம்.

பாசி போதாத இடத்துக்கும் வழி இருக்கு. வேல்ஸ் நாட்டின் சுவான்சீப் பள்ளத்தாக்கு செப்பும் நாகமும் உருக்கியே மொட்டையாகிப் போன இடம். அங்கே மரமும் இல்லை, பாசியும் இல்லை. குட்மன், ரொபேட்ஸ் என்ற இரண்டு பேர் 1971இல் ஒரு சுலபமான வேலை செய்தார்கள். சுத்தமான இடத்துப் பாசியை நைலோன் வலைப்பைக்குள் போட்டு, கேள்வி உள்ள இடங்களில் தொங்கவிட்டு, சில கிழமைக்குப் பிறகு எடுத்து அளந்தார்கள். தொங்கவிட முந்தியே ஒரு பங்கை எடுத்து வைத்தால் கூடினது எவ்வளவு எண்டு தெரியும். வலைக்கு எங்கட கரையில் பஞ்சமில்லை. பாசியை ஈரமான மலைநாட்டிலிருந்து கொண்டுவரலாம். மாரியில் தொங்கவிட்டால் காய்ந்து போகாது.

செலவு எங்கே எண்டால் ஆய்வுகூடத்தில். பாசியை அமிலத்தில் கரைத்து உலோகத்தை அளக்கிற கருவி விலை கூட, ஒரு மாதிரிக்கே காசு கேட்பார்கள். ஆனால் காய்ந்த பாசி பழுதாகாது, 1860இன் பாசியை 1968இல் அளந்திருக்கினம். காசு வரும்வரை காகித உறையில் போட்டு, இடம், திகதி, எடுத்த ஆள், பக்கத்தில் என்ன இருந்தது, கடைசியாக எப்ப மழை எண்டு எழுதி வைத்தால் போதும். விஞ்ஞான பீடப் பிள்ளைகள் அளப்பார்கள். எழுதி அடுக்கி வைப்பது கலைப்பீடத்துக்குத் தெரிந்த வேலை.

இந்த மாரிக்கு என்னிடம் இருக்கிற இடப்பட்டியல்: கோட்டையின் வடக்குப் பார்த்த சுவர், கௌதாரிமுனைப் பக்கம் ஏதாவது ஒரு பழைய கட்டடம், பொன்னாவெளியில் ஒரு பாழ்கிணற்றுக்கட்டு, ஏ32இன் ஓரத்திலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில் 20, 100, 300 மீற்றர் தூரத்தில் மூன்று மதில். கோட்டை தொல்லியல் திணைக்களத்தின் பொறுப்பு, சுவரைத் தொட அனுமதி வேணும். சுவர் சுண்ணாம்பும் கோறைக்கல்லும் எண்டபடியால் அதிலிருந்தும் கொஞ்சம் பாசிக்குள் ஏறும், ஆகவே சுவரிலும் ஒரு சுரண்டல் எடுத்துத் தனி உறையில் போட வேணும். மற்ற ஊர்க்காரர் தங்கட பக்கத்துப் பட்டியலை எழுதி அனுப்புங்கள். முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கம் எடுக்கப் போறவை கண்ணிவெடி அகற்றி முடிந்த இடமா எண்டு முதல் கேட்டுப்போட்டு இறங்குங்கோ.